அதிர்ச்சி அலைக்குக் கணக்குப் போட்ட மேதை

குண்டு வெடித்தால் தூரத்து ஜன்னல் கூட நொறுங்குகிறது. ஏன்? வெடித்த இடத்தில் நசுங்கிய காற்று, ஒரு சுவர் போல எழுந்து, ஒலியை மிஞ்சிய வேகத்தில் வருகிறது. அதுதான் அதிர்ச்சி அலை.

அந்தச் சுவருக்குப் பின்னால் காற்று எப்படி ஓடும்? எவ்வளவு சூடாகும்? இதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட வழி கண்டவர் ஜான் வான் நாய்மன்.

அப்பாவின் கவலை

1903-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி ஹங்கேரியில் உள்ள புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை பாங்கிக்காரர். கணிதம் சோறு போடாது என்று பயந்தார். (எந்த ஊர் அப்பாவுக்குத்தான் இந்தக் கவலை இல்லை!)

அப்பாவுக்காக, மகன் சுவிட்சர்லாந்தில் ரசாயன என்ஜினீயரிங் படித்தார். தமக்காகக் கணிதமும் படித்தார். 1926-ல் என்ஜினீயர் பட்டமும் வந்தது. கணிதத்தில் டாக்டர் பட்டமும் வந்தது. 1930-ல் அமெரிக்கா சென்றார்.

அணுகுண்டு

இரண்டாவது உலகப்போர் மூண்டது. 1943 முதல் அணுகுண்டு ஆராய்ச்சியில் உதவினார். புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி வெடிமருந்தை வைத்து, நாலாபுறமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நசுக்கவேண்டும். அதற்கு அதிர்ச்சி அலையின் கணக்கு தேவைப்பட்டது.

குண்டு தரையில் வெடிப்பதைவிட உயரத்தில் வெடித்தால் நாசம் அதிகம் என்றும் அவர் கணக்கிட்டார். தரையில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையுடன் சேர்ந்துகொள்ளும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுகள் உயரத்திலேயே வெடித்தன. கணக்கு தப்பவில்லை. பல்லாயிரம் உயிர்கள் போயின.

ரெயில் நிலையத்தில்...

1944-ல் ஒருநாள், அபர்டீன் ரெயில் நிலையத்தில் கோல்ட்ஸ்டைன் என்ற இளம் ராணுவ அதிகாரியைச் சந்தித்தார். எனியாக் என்ற கணக்கு எந்திரம் தயாராகி வருவதை அவர் சொன்னார். எடை 30 டன்! சுமார் 18 ஆயிரம் வால்வுகள்! நாய்மன் அன்று முதல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பின்னர் அவர் மனைவி கிளாராவும் எனியாக்குக்குக் கட்டளைகள் எழுதினார்.

ஆனால் ஒரு தொல்லை. காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் எந்திரம் கணக்கிடும். அதிர்ச்சி அலையோ மயிரிழையைவிட மெல்லியது. அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று எகிறும். உடனே எண்கள் தாறுமாறாக ஆடும்.

1950-ல் நாய்மனும் ரிக்ட்மயரும் ஒரு யுக்தி செய்தார்கள். காற்றில் இல்லாத ஒரு பிசுக்கைக் கணக்கில் சேர்த்தார்கள்! அலை உள்ள இடத்தில்தான் அது வேலை செய்யும். செங்குத்துப் பாறை, சில கட்டங்கள் அகலமுள்ள சரிவாக மாறியது. அலையின் வேகமும், அதன் பின்னால் உள்ள அழுத்தமும் சரியாகவே வந்தன. அந்தப் பொய்ப் பிசுக்கை இன்றும் விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள்.

கடைசி நாட்கள்

1955-ல் புற்றுநோய் கண்டது. 1956-ல் ஜனாதிபதி ஐசனோவரிடம் விருது வாங்கச் சக்கர நாற்காலியில் வந்தார். 1957-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி வாஷிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 53.