கோவை தந்த விஞ்ஞான மேதை ஜி. டி. நாயுடு

முன்னுரை

வகுப்பறைக்குள் நுழைந்ததும் சுவரில் உள்ள சுவிட்சைப் போடுகிறோம், விளக்கு எரிகிறது. மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்புகிறோம், காற்று வருகிறது. கழனியில் பம்பு செட்டுக் கொட்டகையின் சுவிட்சைப் போட்டால் கிணற்று நீர் வாய்க்காலில் பாய்கிறது. ஒரு விரலை அசைத்தவுடன் நடக்கும் இவ்வேலைகளுக்குப் பின்னால் எத்தனை பேருடைய அறிவும் உழைப்பும் இருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மின்சாரம் என்றதும் பாரடே, எடிசன் என்று மேல்நாட்டு அறிஞர்களின் பெயர்களே நம் நாவில் வருகின்றன. ஆனால் நம் தமிழ் மண்ணிலும் ஒருவர் பிறந்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவர், பிற்காலத்தில் பொறியியல் கல்லூரி தோன்றவே காரணமானார். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து கொண்டிருந்த மின்கருவிகளை நம்மாலும் செய்ய முடியும் என்று செய்து காட்டினார். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் பெருமையுடன் அழைத்த ஜி. டி. நாயுடு அவர்களே அவர். அப்பெரியாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் பிறந்தார். உழவர் குடும்பம் அது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓரிடத்தில் அமர்ந்து மனப்பாடம் செய்வது அவர் இயல்புக்கு ஒத்து வரவில்லை. ஆகவே தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. வயல் வேலைக்குப் போனார்.

அந்நாளில் ஓர் ஆங்கில அதிகாரி ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் தானே ஓடுகிறது! ஊரார் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போயினர். துரைசாமிக்கோ அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கோவைக்குச் சென்று ஓர் ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் காசு சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வரவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஆராய்ந்தார். பிறகு முன்போலவே பூட்டி ஓட்டினார். அந்த யந்திரமே அவருக்குப் பாடநூல். கழற்றிய கைகளே அவருக்கு ஆசிரியர். பிற்காலத்தில் அவர் செய்தவை அனைத்திற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

தோல்வியும் ஏற்றமும்

அவர் வாழ்க்கை நேராக மேலே ஏறிச் சென்ற ஏணியன்று. பருத்தித் தொழிலில் ஈடுபட்டு நல்ல பொருள் சேர்த்தார். பம்பாய்க்குச் சென்று பருத்தி வணிகம் செய்தபோது, சேர்த்ததை எல்லாம் இழந்தார். ஆனால் மனம் உடைந்து மூலையில் உட்காரவில்லை. கோவையில் தொழில் நடத்தி வந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவியைப் பெற்று ஒரு பேருந்து வாங்கினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே!

அந்த ஒற்றைப் பேருந்து, யூ. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 பேருந்துகள் அந்நிறுவனத்தின் பெயரில் ஓடின. ஓட்டலில் காப்பி டம்ளர் சுமந்த கைகள் இத்தனை பேருக்கு வேலை கொடுத்தன என்றால், அது வியப்புக்குரியது அல்லவா?

மின்மோட்டார் பிறந்த கதை

நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய மின்சாரத்தால் கோவையில் நூற்பாலைகள் பெருகின. ஆலைகளுக்கு மோட்டார்கள் வேண்டும். கிணற்று நீரை இறைக்கவும் மோட்டார்கள் வேண்டும். ஆனால் அவை வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது. மின்சாரம் நம் மலையினுடையது. அதில் ஓடும் யந்திரம் அயலாருடையது. இந்நிலையை மாற்ற நாயுடு அவர்கள் உறுதி கொண்டார்.

பாலசுந்தரம் நாயுடு என்னும் திறமை மிக்க பொறியாளரும் அவரும் சேர்ந்து, கோவை பீளமேட்டில் இருந்த தங்கள் தொழிற்சாலையில் 1937ஆம் ஆண்டு ஒரு மின்மோட்டாரை உருவாக்கினர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்ற பெருமை அதற்கு உண்டு. பாலசுந்தரம் நாயுடு அவர்கள் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தை நிறுவினார். இன்று மோட்டார், பம்பு என்றாலே கோவை என்று சொல்லும் அளவுக்கு அத்தொழில் அங்கே தழைத்திருக்கிறது.

மோட்டார் எவ்வாறு சுழல்கிறது என்பதை நாம் பௌதிகப் பாடத்தில் படித்திருக்கிறோம். காந்தப் புலத்தில் வைத்த கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், அக்கம்பியை ஒரு விசை தள்ளுகிறது. எந்தத் திசையில் தள்ளும் என்பதைப் பிளமிங்கின் இடக்கை விதியால் அறிகிறோம். கம்பியைச் சுருளாகச் சுற்றி அச்சில் பொருத்தினால் அது சுழல்கிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்குவது எளிது. செம்புக் கம்பியைச் சுற்றி, இரும்புத் தகடுகளை அடுக்கி, அச்சைச் சீராக நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் ஓடும்படி செய்வதுதான் கடினம்.

சுவிட்சின் உள்ளே

சுழலத் தொடங்கிய மோட்டாரை நிறுத்தவும் தெரிய வேண்டும். அதற்குத்தான் சுவிட்சு. இது மிகச் சிறிய பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதன் அமைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்சாரம் ஓடிக் கொண்டிருக்கும்போது இரு உலோகத் துண்டுகளை மெதுவாகப் பிரித்தால், இடைவெளியில் மின்சாரம் தாவித் தீப்பொறி எழும். அந்தப் பொறி உலோகத்தை அரித்துவிடும். நெருப்புப் பிடிக்கவும் கூடும். மோட்டாரில் கம்பிச் சுருள் இருப்பதால் பொறி இன்னும் வலுவாக எழும்.

ஆகவே சுவிட்சு கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிய வேண்டும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். வில் சுருளின் விசையால் நொடியில் பிரியும் சுவிட்சை அவர் அமைத்தார். திருகு சுவிட்சுகளிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. குமிழை நாம் மெல்லத் திருப்பினாலும், உள்ளேயுள்ள வில் இறுகி இறுகி, ஒரு கட்டத்தில் டக்கென்று தாவி இணைப்பை மாற்றிவிடும். நம் விரலின் வேகத்தை அது நம்பியிருப்பதில்லை.

தாத்தா காலத்து வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல ரேடியோக்களில் ஒரு குமிழைச் சற்றே திருப்பினால் டக்கென்ற ஒலியுடன் விளக்கு எரியும். மேலும் திருப்பினால் ஓசை கூடும். மற்றொரு குமிழ் மத்திய அலையிலிருந்து சிற்றலைக்கு மாற்றும். அந்நாளில் ரேடியோ செல்வர் வீட்டுப் பொருள். ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் அறிவித்தார். புதுமை செய்வது மட்டும் அவர் நோக்கமன்று; எளியவர் கைக்கும் அது எட்ட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

பல்வேறு படைப்புகள்

உலர் மின்கலத்தால் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரேசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, சினிமா காமிராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி என்று அவருடைய படைப்புகள் பலவாகும். புகைப்படக் கலையிலும் வல்லவர். 1936ஆம் ஆண்டில் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகிய பயிர்களிலும் ஆராய்ச்சி செய்து புதிய வகைகளைக் கண்டார். சர் சி. வி. இராமன், சர் விசுவேசுவரய்யா போன்ற பேரறிஞர்கள் அவருடைய திறனைப் பாராட்டினர்.

அவர் அமைத்தவற்றுள் உத்திரமேரூர்ப் பகுதி மாணவியராகிய நமக்கு மிகவும் உவப்பானது ஒன்று உண்டு. அதுதான் வாக்குப் பதிவுக் கருவி. யாரும் மோசடி செய்ய முடியாதபடி வாக்குகளைப் பதிவு செய்ய அவர் ஒரு கருவியை உருவாக்கினார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 10ஆம் நூற்றாண்டில், நம் ஊரில் குடவோலை முறை இருந்ததை வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டுகள் கூறுகின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏன் சிறுவன்? கள்ளம் நேரக் கூடாது என்பதற்காகவே. சிறுவனின் கை செய்த வேலையை யந்திரத்தைக் கொண்டு செய்விக்க முயன்றார் நாயுடு அவர்கள். பிற்காலத்தில் 1982ஆம் ஆண்டு கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் மின்னணு வாக்குப் பதிவு யந்திரம் நம் நாட்டில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. காலம் மாறினாலும் கவலை ஒன்றே!

மனக்கசப்புகள்

மேதைகளின் பாதை மலர்ப் பாதையாக இருப்பதில்லை. 1952ஆம் ஆண்டில் இருவர் செல்லக்கூடிய சிறு காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அதைப் பெருவாரியாகச் செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. வரிச்சுமையைக் கண்டித்து, தாம் அரும்பாடுபட்டுச் செய்த கருவிகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்தார். அவர் செய்தது சரிதானா என்று எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. செய்த பொருளை உடைக்கலாமா என்று கேட்பவர்களும் எங்களுள் இருக்கிறார்கள். ஆயினும் செய்தவருக்குத்தானே அந்த வலி முழுமையாகத் தெரியும்!

கல்விப் பணி

பள்ளியை விட்டு ஓடியவர், கல்வியை விட்டு ஓடவில்லை. 1945ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தோன்ற அவருடைய முயற்சியும் நன்கொடையுமே முதற் காரணம். சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அவற்றிற்குச் சூட்டப்பட்டது. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. தொடக்கக் கல்வி மட்டும் கற்ற அவர் அங்கே முதல்வராகவும் பணியாற்றினார்! நான்கு ஆண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குகிறது, கையால் செய்து கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கருத்து. ஆட்சியாளர் அதை ஏற்காததால் பதவியைத் துறந்தார்.

அவரைக் காட்டிப் படிப்பே தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. படிப்பு வேண்டாம் என்று எண்ணியவர் கல்லூரி தொடங்க மாட்டார். ஏட்டறிவும் கையறிவும் கைகோத்து நடக்க வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடம்.

மறைவு

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், தம் 80ஆம் வயதில் அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சாலையில் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.

முடிவுரை

அன்புத் தோழியரே! மிக்ஸி ஓடாவிட்டால், அயர்ன்பாக்ஸ் சுடாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அண்ணன் வரட்டும், எலெக்ட்ரீசியன் வரட்டும் என்று காத்திருக்கிறோம். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். மின்சாரத்தோடு விளையாடக் கூடாது என்பது உண்மை. தெரியாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

பெற்றோரிடமும் அருட்சகோதரிகளிடமும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பழுதான ஒரு சுவிட்சையோ, ஓடாத பழைய மோட்டாரையோ, மின் இணைப்பு ஏதும் இல்லாமல் எங்கள் கையில் கொடுங்கள். அருகில் இருந்து கழற்றக் கற்றுக் கொடுங்கள். உள்ளே இருக்கும் வில்லையும் கம்பிச் சுருளையும் எங்கள் கண்ணால் பார்க்கிறோம். தையல் ஊசி பிடிக்கும் விரல்கள் ஸ்குரூடிரைவரையும் பிடிக்கும். கலங்கல் கிராமத்துச் சிறுவனுக்கு எழுந்த கேள்வி, உத்திரமேரூர்ச் சிற்றூர்ச் சிறுமிக்கும் எழட்டும்!

வாழ்க ஜி. டி. நாயுடு அவர்களின் புகழ்! வளர்க நம் நாட்டுத் தொழில் வளம்!