டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்

மாந்தருள் சிலர் தாம் வாழுங் காலத்திலேயே தம் உழைப்பின் பயனையும் அதனால் வரும் புகழையும் ஒருங்கே அடைகின்றனர். வேறு சிலரோ பயனையும் புகழையும் பிறர்க்கே விடுத்து மறைந்து போகின்றனர். இப்பிற்கூறிய வகையினருள் ஒருவர் டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ். இரத்தப் புற்றுநோயால் வருந்தும் குழந்தைகட்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று, இவர் தலைமையில் உழைத்த ஆராய்ச்சியாளரின் கையினின்றும் பிறந்தது. அம்மருந்தின் பெயரை அறிந்தோர் பலர். இவர் பெயரை அறிந்தோர் சிலரே. இவர் சென்னை மாநகரில் கல்வி பயின்றவர் என்பதும், மாணாக்கராயிருந்த காலத்துத் தேர்வுகளிற் பன்முறை தவறியவர் என்பதும் நம்மனோர் கருதத்தக்கன. ஆதலின் அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வேங்கம்மா. மக்கள் எழுவரையுடைய அக்குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி, இவர் வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விடாது தேடி வழியிலேயே மீட்டு வந்து மறுபடியும் பள்ளியிற் சேர்த்தார். ஆயினும் படிப்பிற் சிறந்து விளங்கினாரல்லர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறையே தேறினார்.

பின்னர் மாநிலக் கல்லூரியிற் பயிலுங்கால் கணிதத்தில் இவர்க்கு விருப்பம் மிகுந்தது. அதனினும் மிகுந்தது துறவில் எழுந்த வேட்கை. இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து தொண்டாற்ற விழைந்தார். தாயாரோ இணங்கவில்லை, தாயின் இசைவின்றி மடத்தாரும் ஏற்கவில்லை. துறவியாகாமலே பிறர்க்குத் தொண்டு செய்தற்கு வாயில் வைத்தியமே எனத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தியும் செலவுக்குப் பொருள் உதவினர். அக்காலம் காந்தியடிகளின் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். சுப்பாராவ் கதராலாகிய மேலங்கியை அணிந்து அறுவை வகுப்புக்குச் சென்றார். அது கண்டு வெகுண்டார் ஆங்கிலப் பேராசிரியர். எழுத்துத் தேர்வை நன்கு செய்திருந்தும், இவர்க்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகமும் அகப்படாமையால், சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியரானார்.

இதற்கிடையே இவர் குடும்பத்தில் நேர்ந்த துன்பம் ஒன்று இவர் வாழ்வின் போக்கையே மாற்றியது. ஸ்புரு என்னும் கொடிய கிராணி நோய்க்கு இவருடைய உடன்பிறந்தார் இருவர் சின்னாள் இடைவெளியிலே அடுத்தடுத்து இரையாயினர். உண்ட உணவு உடலிற் சேராது கழிந்து, இரத்தம் வெளிறி, உடல் நாளுக்கு நாள் மெலிந்து மாள்வது அந்நோயின் இயல்பு. அதற்கு மருந்து யாதென அக்காலத்து மருத்துவர் ஒருவரும் அறியார். மருத்துவம் கற்ற ஒருவர் உடன்பிறந்தார் நடுவே இருந்தும், மருத்துவ நூலில் விடையில்லாமையால் கைபிசைந்து நிற்க நேர்ந்தது. நோயின் காரணத்தை ஆராய்ந்து காண்பதே தம் கடன் எனத் துணிந்தார். காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிதியாரின் ஆதரவைக் கொண்டும், மாமனார் திரட்டித் தந்த பொருளைக் கொண்டும், இளமனைவி சேஷகிரியை ஊரில் விடுத்து, ஏறத்தாழ இருபத்தெட்டாம் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் மீள்வதாகவே கருத்து. ஆனால் அவர் மீண்டும் தாய்நாட்டைக் காணவுமில்லை. அம்மையார் கணவரைக் காணவுமில்லை.

பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிய வகுப்பிற் சேர்ந்த சுப்பாராவ், வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக வேலை செய்தார். நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுதல் அவ்வேலையின் ஒரு பகுதி. வைத்தியப் பட்டம் பெற்ற ஒருவர் இதனை இழிவெனக் கருதாது செய்து, பகலிற் படித்தார். பின்னர் அப்பல்கலைக்கழகத்து உயிர்வேதியியற் பகுதியிற் புகுந்து, சைரஸ் ஃபிஸ்க் என்னும் ஆசிரியரிடம் உழைக்கலானார்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று கணக்கிடுவது அந்நாளில் அரிதாயிருந்தது. திரவத்தோடு சில பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். அந்நீலத்தின் அடர்த்தியைக்கொண்டு பாஸ்பரஸின் அளவை அறியலாம் என்னும் எளிய முறையை இவ்விருவரும் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை எனப் பெயர் பெற்ற இதனை, இன்றும் நம் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பயிலும் மாணாக்கர் செய்முறைப் பாடமாகச் செய்து வருகின்றனர்.

கருவி கைக்கு வந்ததும், அதனைக்கொண்டு தசையை ஆராய்ந்தனர். தசை சுருங்குவதற்கு வேண்டும் ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதிலிருந்தே வருகிறதென்று அப்போது நம்பப்பட்டது. அக்கொள்கையை வகுத்த ஹில், மையர்ஹாஃப் என்னும் இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. சுப்பாராவும் ஃபிஸ்க்கும் 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைத் தசையிற் கண்டனர். தசை உழைக்குங்கால் அது குறைவதும், ஓய்வுறுங்கால் மீண்டும் நிறைவதும் புலனாயின. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இதனைக் கண்டனர். 1929-இல், உயிர்களின் ஆற்றலுக்கு நாணயம் போன்று விளங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் இவ்விருவர் தசையினின்றும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அவ்வாண்டிலேயே அதனைக் கண்டறிந்தார். 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் எய்தினார். இத்துணை செய்தும், ஹார்வர்டில் இவர்க்கு நிலையான ஆசிரியப் பதவி அளிக்கப்படவில்லை. ஆதலால் 1940-இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று, அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே இவர் மேற்கொண்ட பெரும்பணி ஃபோலிக் அமிலத்தைப் பற்றியது. அதன் வரலாற்றுத் தொடக்கம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, பம்பாயில் ஏழைக் கருவுற்ற பெண்களைப் பற்றிய சோகை நோயை ஆராய்ந்து, ஈஸ்டின் சாற்றில் அதனைப் போக்கும் பொருள் ஒன்றுண்டு என்று 1931-இல் எழுதினார். பத்தாண்டுகட்குப் பின் அமெரிக்க விஞ்ஞானிகள், நான்கு டன் கீரையிலிருந்து அதனினும் மிகச் சிறிதளவே பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என அதற்குப் பெயரிட்டனர். இவ்வாறு அரிதிற் கிடைக்கும் பொருளைக்கொண்டு நோயாளர்க்குச் சிகிச்சை செய்தல் இயலுவதன்று. சுப்பாராவும் அவர்தம் கூட்டத்தாரும் 1945-இல் அதனை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக ஆக்கி முடித்தனர். அதனைப் பெற்ற மருத்துவர் சிலவகைச் சோகைக்கும், பின்னர் ஸ்புருவுக்கும் கொடுத்துப் பயன் கண்டனர். உடன்பிறந்தாரை மாய்த்த நோய்க்கு மருந்து, அவர்கள் இறந்து இருபதாண்டுகட்கு மேற்பட்டு, உடன்பிறந்தவர் நடத்திய கூடத்திலேயே உருவாயிற்று.

இனி இரத்தப் புற்றுநோயைக் கூறுவாம். எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். லியூக்கீமியா என்னும் நோயில், முதிராத வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகி மஜ்ஜையை நிரப்பிவிடும். சிவப்பணுக்கள் குறைதலால் உடல் வெளிறும். இரத்தத்தை உறையச் செய்யும் நுண்தட்டுக்கள் குறைதலால் இரத்தம் கசியும். காய்ச்சல் விடாது பற்றும். கடுமையான இந்நோய் கண்ட குழந்தைகள் அக்காலத்திற் சில வாரங்களிலோ திங்களிலோ இறந்தே போயினர். பாஸ்டனிற் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் நிபுணரான சிட்னி ஃபார்பர், இக்குழந்தைகட்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் விரைந்து பெருகக் கண்டார். அணு பிளந்து பெருகுவதற்கு அவ்வமிலம் இன்றியமையாதது. ஆகவே அதனை ஒத்த வடிவுடையதாய், ஆயினும் அதன் தொழிலைத் தடுப்பதாய் உள்ள பொருளைக் கொடுத்தால், நோயணு ஏமாந்து அதனை ஏற்றுப் பெருக்கம் ஒழியும் என்று எண்ணம் எழுந்தது. பூட்டினுட் புகுந்து திரும்பாது நிற்கும் போலித் திறவுகோல் போன்ற அத்தகைய பொருள்களைச் சுப்பாராவின் கூட்டத்தார் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கி ஃபார்பருக்கு அனுப்பினர். அவற்றுள் அமினாப்டெரின் என்பது வெற்றி கண்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்துண்ட 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் தணிந்தது. அத்தணிவு சில காலமே நின்றது, நோய் மீண்டது, மருந்தின் நஞ்சும் துன்புறுத்தியது. எனினும் மருந்தால் இந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என்பது உலகுக்கு முதன்முதல் தெளிவாயிற்று.

இதன் விளைவை முற்றக் காண்பதற்குச் சுப்பாராவுக்கு ஆயுள் இல்லை. அக்கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு திங்களில், 1948 ஆகஸ்டு மாதத்தில், உறக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். அப்போது அவர்க்கு வயது 53.

அவர் கூட்டத்தார் ஆக்கிய மற்றொரு பொருளாகிய மெத்தோட்ரெக்சேட், அமினாப்டெரினிலும் அஞ்சாது வழங்கத்தக்கதாய் விளங்கி, அதன் இடத்தைப் பெற்றது. பிற மருந்துகளோடு சேர்த்து முறையாக அளித்தமையால், செல்வ நாடுகளில் கடும் லிம்பு அணு லியூக்கீமியா கண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றுவர் இன்று பிழைக்கின்றனர். நோயுற்ற மஜ்ஜையை அழித்துப் பிறர் மஜ்ஜையின் மூல அணுக்களைப் புகுத்தும் சிகிச்சையிலும் இம்மருந்துக்கு இடமுண்டு. புகுந்த அணுக்கள் தாம் குடியேறிய உடலையே பகையெனக் கருதித் தாக்குதல் அச்சிகிச்சையின் பேரிடர். அதனைத் தடுப்பதற்கு, அத்துறையின் முன்னோடியும் 1990-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றவருமான டானல் தாமஸ் குழுவினர் மெத்தோட்ரெக்சேட்டையே சிற்றளவில் வழங்கினர்; பிற மருந்துகளோடு சேர்த்து இன்றும் அது வழங்கப்படுகிறது. மூட்டுவாதத்துக்கும் அதுவே சிறந்த மருந்துகளுள் ஒன்று.

இவையன்றி, யானைக்கால் நோய்க்குக் காரணமாகிய புழுக்களை ஒழிக்கும் டையெத்தில்கார்பமசின் 1947-இல் இவர் நிலையத்திலிருந்தே வெளிவந்தது. தமிழ்நாட்டிலும் அரசினர் வீடுதோறும் வழங்கிய மாத்திரை இதுவே. டெட்ராசைக்கிளின் இனத்து முதல் மருந்தாகிய ஆரியோமைசினை டக்கர் என்னும் முதியவர் கண்டெடுத்ததும் இவர் தலைமையிலேயாம்.

இத்துணைக்கும் தலைவராயிருந்தும், சுப்பாராவ் தம்மை முன்னிறுத்தினாரல்லர். ஃபோலிக் அமிலத்தை ஆக்கிய செய்தியைக் கூறும் கட்டுரையில், பலருடைய பெயர்கட்கு நடுவே இவர் பெயரும் ஒன்றாக நிற்கின்றது. இறந்த பின் 1953-இல் ஒரு பூஞ்சைக்கு இவர் பெயர் இடப்பட்டது. நூற்றாண்டு நிறைந்த 1995-இல் இந்திய அரசினர் அஞ்சல் தலை வெளியிட்டனர். இவர் பெற்ற சிறப்புக்கள் பெரும்பாலும் இவ்வளவே. எனினும் இவர் துறந்ததை மட்டும் எண்ணிப் பாராட்டுதல் நீதியன்று. கடல் கடந்த கணவரைக் காணாமலே வாழ்நாளைக் கழித்த சேஷகிரி அம்மையாரும் இவ்வாராய்ச்சிக்கு ஒரு விலை கொடுத்தவரே. அறத்தின் பொருட்டு ஒருவர் செய்யும் தியாகத்தில் உடன் வாழ்வோர் பங்கும் கலந்திருத்தலை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

நண்பர்காள், தேர்வில் தவறியோர்க்கு இவர் வாழ்க்கை ஆறுதலாகும் என்று கூறுதல் எளிது. அதனினும் பயனுடைய படிப்பினை வேறொன்றுண்டு. தம் வீட்டில் நேர்ந்த துயரத்தை விதியென்று விட்டுவிடாது, அதன் காரணத்தை வினவி, விடை கிட்டும்வரை கால் நூற்றாண்டு அவ்வினாவைக் கைவிடாதிருந்தமையே இவர் பெருமை. அவ்விடையைத் தேடிய வழியில், அவர் தேடாத நோய்க்கும் மருந்து அகப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் நீலநிறம் தோன்றக் காணும்போது, அந்நிறத்தின் பின் நின்ற இம்மனிதரையும் நம் மாணாக்கர் ஒருகணம் நினைவார்களாக.