சாட்டை ஏந்திய வீராங்கனை

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு சண்டைப் படத்தின் நடிகையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது, வகுப்புத் தோழியர் சிலர் சிரித்தனர். ஆயினும் கோடிக்கணக்கான எளிய மக்கள் எதைக் கண்டு கைதட்டினார்கள் என்பதும் வரலாறுதானே? அந்த எண்ணத்தில்தான், அஞ்சாத நாடியா என்று இந்தியா கொண்டாடிய நங்கையின் வாழ்வை ஈண்டு வரைகிறேன்.

பிறப்பும் இளமையும்

நாடியாவின் இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1908-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் படைவீரர். தாய் கிரேக்க நாட்டுப் பெண்மணி. தந்தையின் பணி காரணமாகக் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. முதல் உலகப்போர் தந்தையைப் பலிகொண்டது. பின்னர்ப் பெஷாவர்ப் பகுதியில் வாழ்ந்த காலத்தில் குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பழகினார். பிற்காலத்தில் தமக்குச் சோறு போடப்போவது அக்கலைகளே என்று அன்று அவர் எண்ணியிருப்பாரா?

1928-இல் மீண்டும் பம்பாய். கையில் ஒரு மகன். பிழைப்புக்கு வழி தேட வேண்டிய நிலை. கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார். பாலே நடனம் கற்றார். நாடகக் குழுவோடும் சர்க்கஸோடும் ஊர் ஊராகச் சுற்றினார். ராசியான பெயர் வேண்டுமென்று ஒரு குறிகாரி சொன்னதன் பேரில் நாடியா என்று பெயர் மாற்றிக்கொண்டாராம்.

திரையுலகில்

பம்பாயில் வாடியா மூவிடோன் என்னும் படக்கம்பெனியை ஜே.பி.எச். வாடியா, ஹோமி வாடியா என்னும் பார்சி சகோதரர்கள் நடத்திவந்தனர். மூத்தவர் எம்.ஏ. பட்டதாரி, சட்டமும் படித்தவர். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் கொண்ட பெண்ணை இந்திய மக்கள் ஏற்பார்களா என்ற ஐயம் அவருக்கு இருந்தது. இந்துப் பெயரும் கரிய பின்னலும் வைத்துக்கொள்ளலாமே என்றார். நாடியா மறுத்துவிட்டார். தாம் தாமாகவே நிற்பது என்ற அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முதலில் சிறு வேடங்கள். பிறகு 1935-இல் வந்தது, ஹோமி வாடியா இயக்கிய ‘ஹண்டர்வாலி’. ஹண்டர் என்றால் சாட்டை. ஹண்டர்வாலி என்றால் சாட்டைக்காரி. கொடிய அமைச்சன் நாட்டைக் கைப்பற்ற முயல்கிறான். அரசகுமாரி மாதுரி முகமூடி தரித்து, சாட்டை ஏந்தி, குதிரையேறி ஏழைகளைக் காக்கிறாள். இதுதான் கதை. சுமார் 80,000 ரூபாய் செலவில் எடுக்கப்பட்ட இப்படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் அஞ்சினார்கள். சகோதரர்கள் தாங்களே துணிந்து வெளியிட்டனர். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது! நாடியாவின் பெயரால் சாட்டைகளும் பெல்டுகளும் கடைத்தெருவில் விற்பனையாயின என்றால் அதன் செல்வாக்கை என்னென்பது!

வெற்றியின் காரணம்

இப்படம் வெற்றி பெற்றதற்குச் சண்டைக் காட்சிகள் மட்டுமா காரணம்? அன்று நம் நாடு அடிமைப்பட்டுக் கிடந்தது. வெள்ளையரை எதிர்த்து நேரடியாகப் படமெடுத்தால் தணிக்கை விடாது. ஆனால் கொடுங்கோல் அமைச்சனை ஒருத்தி சாட்டையால் விளாசினால் யார் தடுப்பது? கொட்டகையில் தரை டிக்கெட்டில் அமர்ந்திருந்தவனுக்கு அந்த அமைச்சன் யார் என்பது புரிந்தது. வெள்ளைத்தோல் கொண்ட ஒரு பெண்ணே அந்தச் சாட்டையை வீசினாள் என்பது காலத்தின் விந்தை!

டூப் என்னும் மாற்று ஆளை நம்பாமல், நாடியா தாமே குதித்தார், தொங்கினார், ஆடவரைத் தோளில் தூக்கினார். ‘மிஸ் ஃபிரான்டியர் மெயில்’ (1936) படத்தில் ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டையிட்டார். ‘டைமண்ட் குவீன்’ (1940) படத்தில் பெண்விடுதலையையும் பேசினார். 1943-இல் ‘ஹண்டர்வாலி கி பேட்டி’ என்று சாட்டைக்காரியின் மகளும் திரைக்கு வந்தாள். தமிழிலும் 1937-இல் கே.டி. ருக்மணி ‘மின்னல்கொடி’யில் சாகச நாயகியாகத் தோன்றினார். முகமூடி, குதிரை, ரயில் சண்டை, பழிவாங்கும் நாயகி ஆகியவை பின்னர் வணிகப் படங்களின் நிலையான சரக்குகளாயின. 1990-இல் விஜயசாந்தி காக்கிச்சட்டை அணிந்து ரவுடிகளை உதைத்தபோது ஆரவாரித்தவர்கள், அந்தப் பாதையை 55 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டியவர் ஒருவர் உண்டு என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

பிற்கால வாழ்வு

1961-இல் ஹோமி வாடியாவை மணந்தார். 1968-இல் வந்த ‘கிலாடி’யோடு நடிப்பிலிருந்து ஓய்ந்தார். ஸ்டண்ட் படங்களைக் கீழ்த்தரமானவை என்று கற்றோர் ஒதுக்கியதால், பல ஆண்டுகள் அவர் பெயரும் மங்கிக் கிடந்தது. 1993-இல் ஜே.பி.எச். வாடியாவின் பேரன் ரியாத் எடுத்த ஆவணப்படம் அவரை மீண்டும் உலகுக்குக் காட்டியது. 88 வயது நிறைந்த மறுநாள், 1996 ஜனவரி 9-ஆம் நாள், நாடியா மறைந்தார்.

நாம் கொள்ளவேண்டியது

அவர் படங்களில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. கதை ஒன்றே திரும்பத் திரும்ப வரும். நம்ப முடியாத காட்சிகளும் உண்டு. ஆயினும் பெண் என்றால் கண்ணீர் வடிப்பவள், காக்கப்பட வேண்டியவள் என்றே கதைகள் எழுதப்பட்ட நாளில், காப்பவளும் பெண்ணே என்று அவர் காட்டினார். இன்றும் பல படங்களில் நாயகி மரத்தைச் சுற்றி ஆடுவதற்கே வருகிறாள். 1935-இல் இருந்த துணிவு நம் கதாசிரியர்களுக்கு இன்று ஏன் இல்லை? மாணவ நண்பர்களே, தோழியரே! நாளை எழுதப்போகிறவர்களும் படமெடுக்கப் போகிறவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.