டோடோ, சைபீரிய கொக்கு, வரிக்குதிரை... 400 ஆண்டுகளுக்கு முன் வரைந்த படங்கள் இன்று அறிவியல் சாட்சி! யார் இந்த உஸ்தாத் மன்சூர்?

கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தில் ஒரு கொக்கின் ஓவியம் இருக்கிறது. வெள்ளை உடம்பு, சிவந்த முகம், நீளமான கால்கள். பார்த்த உடனே பறவை ஆர்வலர்கள் சொல்லிவிடுவார்கள், இது சைபீரிய கொக்கு என்று.

இதில் என்ன அதிசயம்? இந்தப் பறவைக்கு அறிவியல் உலகம் பெயர் வைத்தது 1773-ம் ஆண்டில். பீட்டர் பல்லாஸ் என்ற இயற்கை ஆய்வாளர் தான் அதைச் செய்தார். ஆனா, கொல்கத்தாவில் இருக்கும் ஓவியம் அதற்கு சுமார் 150 ஆண்டுகள் முந்தையது. வரைந்தவர் ஒரு முகலாய அரண்மனை ஓவியர். பெயர் உஸ்தாத் மன்சூர்.

அவர் பிறந்த ஆண்டு எந்த ஏட்டிலும் இல்லை. இறந்த ஆண்டும் இல்லை. அவர் வரைந்த பறவைகளும் விலங்குகளும் மட்டும் உலகின் பல அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

கூட்டத்தில் ஒருவராகத் தொடங்கியவர்

மன்சூரின் பெயர் முதலில் தெரிய வருவது அக்பர் ஆட்சியின் பிற்பகுதியில். அப்போது அரண்மனை ஓவியக்கூடத்தில் ஒரு படத்தை ஒருவரே வரைவது குறைவு. மூத்த ஓவியர் கோடு போட்டுக் கொடுப்பார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார், சில நேரம் முகத்தை மட்டும் வரைய தனியாக ஒருவர் இருப்பார்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் மன்சூர் இருந்தார். 'நக்காஷ்' என்ற அடைமொழி அவர் பெயரோடு சேர்ந்தே வரும். பூவேலை, ஓர அலங்காரம் போன்ற நுணுக்கமான வேலை செய்பவர்களைக் குறிக்கும் சொல் அது.

1589-ல் பாபரின் நினைவுக் குறிப்புகள் பாரசீக மொழிக்கு மாற்றப்பட்டன. யானை, காண்டாமிருகம், மயில் என இந்தியாவில் தான் பார்த்த உயிரினங்களைப் பற்றி பாபர் அதில் நிறைய எழுதியிருந்தார். அதற்குப் படம் வரையும் வேலை ஓவியர்களுக்கு வந்தது. அந்த விலங்குப் பக்கங்கள் சிலவற்றில் மன்சூரின் பெயர் இருக்கிறது. அவரோட ரூட் அங்கேயே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம்.

வேட்டையும் அவரே, நோட்டும் அவரே

1605-ல் ஜஹாங்கீர் பேரரசர் ஆனார். மன்சூரின் வாழ்க்கை மாறியது இதற்குப் பிறகுதான்.

ஜஹாங்கீர் ஒரு விசித்திரமான மனிதர். ஒரு பக்கம் தீராத வேட்டைப் பிரியர். 12 வயதில் தொடங்கி சுமார் 50 வயது வரை, தன் கையால் மட்டும் 17,167 உயிர்களை வேட்டையாடியதாக அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு பக்கம், விலங்குகளை அளந்து, எடை போட்டு, கவனித்து எழுதும் பழக்கமும் அவருக்கு இருந்தது. லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து ஒரு ஜோடி சாரஸ் கொக்குகளை வளர்த்தார். அவை இணை சேர்ந்தது, முட்டையிட்டது, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தது எல்லாம் அவர் குறிப்பில் இருக்கிறது. 34 நாளில் குஞ்சு பொரித்ததாக எழுதியிருக்கிறார். இன்றைய பறவையியல் சொல்லும் கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

எழுத்து மட்டும் போதாது, படமும் வேண்டும் என்று ஜஹாங்கீர் நினைத்தார். தன் கொள்ளுத்தாத்தா பாபர் விலங்குகளைப் பற்றி எழுதினாரே தவிர, ஓவியர்களை வைத்து வரைய வைக்கவில்லை என்பது அவருக்கு ஒரு குறை. கேமரா இல்லாத காலத்தில் அவருக்குக் கிடைத்த கேமரா தான் மன்சூர்.

கோவாவில் இருந்து வந்த வான்கோழி

1612-ம் ஆண்டு. முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவா துறைமுகத்தில் இருந்து பல அபூர்வப் பொருட்களுடன் அரண்மனைக்கு வந்தார். போர்ச்சுகீசியர்கள் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தவற்றில் ஒரு பறவையும் இருந்தது. அது வான்கோழி.

இன்றைக்கு நம்ம ஊரில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அன்றைக்கு அது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் கடந்து வந்த புதுப் பறவை. தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறம் மாறுவதைப் பார்த்து ஜஹாங்கீர் பச்சோந்தியோடு ஒப்பிட்டார். மன்சூர் வரைந்த வான்கோழி இப்போது லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் வரைந்த ஒரு பச்சோந்தி, பிரிட்டன் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

1618-ல் மன்சூருக்கு 'நாதிர் உல் அஸ்ர்' என்ற பட்டம் இருந்ததை ஜஹாங்கீர் தன் குறிப்பில் எழுதுகிறார். காலத்தின் அதிசயம் என்று பொருள். வண்ணம் தீட்டும் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர், பேரரசர் பெயர் சொல்லி எழுதும் இடத்துக்கு வந்துவிட்டார்.

பெயின்ட் அடித்த குதிரையா?

1621-ம் ஆண்டு நவ்ரோஸ் பண்டிகையின்போது ஜஹாங்கீருக்கு ஒரு பரிசு வந்தது. இன்றைய எத்தியோப்பியா பகுதியில் இருந்து கொண்டுவரப்பட்ட வரிக்குதிரை அது.

அரண்மனையில் பலருக்கு நம்பிக்கை இல்லை. யாரோ கறுப்பு வண்ணம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். தேய்த்துப் பார்த்தும் கோடுகள் போகவில்லை. பிறவியிலேயே அப்படித்தான் என்று முடிவானது. பிறகு அந்த விலங்கை ஈரான் மன்னர் ஷா அப்பாஸுக்கு அனுப்பும் பரிசுகளில் சேர்த்தார்கள்.

ஆனா, போவதற்கு முன் மன்சூர் அதை வரைந்துவிட்டார். முகத்தில் ஓடும் மெல்லிய கோடு, காலில் குறுக்கே வரும் பட்டை எதையும் விடவில்லை. படத்தின் ஓரத்தில் ஜஹாங்கீரே தன் கையால், இது எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, எந்த ஆண்டு என்று எழுதி வைத்தார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு விலங்கின் உருவம், வந்த இடம், நாள், பதிவு செய்தவர் பெயர். இன்று ஒரு அருங்காட்சியகம் தன் மாதிரிகளுக்கு ஒட்டும் லேபிளில் இருப்பதும் இதே தகவல்கள் தான்.

ஒரு வாரம் மட்டுமே வாழ்ந்த ராஜாளி

மன்சூரின் வேலை எவ்வளவு அவசரமானது என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

1619-ல் ஷா அப்பாஸ் ஒரு அருமையான ராஜாளியை ஜஹாங்கீருக்கு அனுப்பினார். வழியில் கவனக்குறைவால் ஒரு பூனை அதைக் கடித்துக் குதறிவிட்டது. அரண்மனைக்கு வந்து சேர்ந்த பறவை ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இல்லை. அதன் நிறத்தையும் அழகையும் பார்த்து அசந்துபோன ஜஹாங்கீர், மன்சூரை அழைத்து வரையச் சொன்னார்.

அடுத்த ஆண்டு காஷ்மீர். சுக்நாக் ஓடையில் ஒரு சிறு பறவை தண்ணீருக்குள் மூழ்கி, வெகுநேரம் கழித்து வேறு இடத்தில் எழுவதை ஜஹாங்கீர் கவனித்தார். டிப்பர் என்று இன்று அழைக்கப்படும் பறவை அது. வாத்துக்கு இருப்பது போல விரல்களுக்கு நடுவே ஜவ்வு இருக்குமா என்ற கேள்வி அவருக்கு வந்தது. இரண்டைப் பிடிக்கச் சொன்னார். ஒன்று உடனே இறந்தது, மற்றொன்று ஒரு நாள் இருந்தது. காலைப் பார்த்தால் ஜவ்வு இல்லை.

நீச்சலுக்கான ஜவ்வு இல்லாமல், கற்களைக் காலால் பற்றியும் இறக்கையைத் துடுப்பு போல அடித்தும் தண்ணீருக்கு அடியில் இரை தேடும் பறவை இது. அதையும் வரையும் வேலை மன்சூருக்கே வந்தது. உயிரோடு இருக்கும் கொஞ்ச நேரத்தில் கண்ணால் பார்த்து, மனதில் நிறுத்தி, தூரிகையில் இறக்க வேண்டும்.

அதே பயணத்தில் காஷ்மீரின் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை மன்சூர் வரைந்தார். அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை.

அப்போ, முதல்ல கண்டுபிடித்தது யார்?

இப்போது அந்த சைபீரிய கொக்குக்கு வருவோம். முகத்தில் இறகு இல்லாத தோலின் சுருக்கம், காலில் உள்ள செதில்கள், நகத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு சிறு இறகு என எல்லாமே அந்த ஓவியத்தில் இருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு வரைந்தது இல்லை, எதிரே வைத்துப் பார்த்து வரைந்தது என்பதற்கு அந்த ஒட்டிய இறகே போதும்.

வங்காள வரகுக்கோழியின் கதையும் இப்படித்தான். மன்சூரின் ஓவியம் அதே கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனா, அதன் அறிவியல் பெயர் 1789-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கிமெலின் வைத்தது.

அப்படியென்றால் மன்சூருக்குத்தானே பெருமை போக வேண்டும்? அவ்வளவு எளிது இல்ல. உயிரினங்களுக்குப் பெயர் வைக்கும் இன்றைய முறை லின்னேயஸ் வழியாக 18-ம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அச்சில் விவரம் வெளியாகி, மற்றவர்கள் சரிபார்க்க வழி இருந்தால் தான் அது கணக்கில் வரும். மன்சூரின் படங்களோ அரண்மனை ஆல்பங்களுக்குள் இருந்தன. பார்த்தவர்கள் பேரரசரும் அவருக்கு நெருக்கமானவர்களும் மட்டுமே.

பல்லாஸ், கிமெலின் மீது தவறு இல்லை. ஆனா, பெயர் வைத்ததையே முதல் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொண்டால், அதற்கு முன்பே உற்றுப் பார்த்துப் பதிவு செய்த ஒரு கண் காணாமல் போய்விடும். 20-ம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் இந்த ஓவியங்களை இயற்கை வரலாற்றுச் சான்றுகளாகப் பார்க்கத் தொடங்கியபோது தான் அந்தக் கண் வெளிச்சத்துக்கு வந்தது.

டோடோ படம் எங்கே கிடைத்தது?

1950-களில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரு முகலாய ஓவியம் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. ஐந்து பறவைகள். நடுவில் நிற்பது டோடோ!

மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்த, பறக்க முடியாத பறவை டோடோ. 17-ம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தேவிட்டது. அது இந்தியாவுக்கு எப்படி வந்தது? பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். வணிகக் கப்பல்களில் அவை வந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஓவியங்கள் பலவற்றில் டோடோ உருண்டு திரண்ட குண்டுப் பறவையாக இருக்கும். இந்த முகலாய ஓவியத்தில் அது பழுப்பு நிறத்தில், அந்த அளவு பருமன் இல்லாமல் நிற்கிறது. உயிருள்ள டோடோவைப் பார்த்து வரைந்த மிகச் சில படங்களில் இது முக்கியமானது என்று கருதப்படுகிறது. கூட இருக்கும் பறவைகள் அச்சு அசலாக இருப்பதால், டோடோவும் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை ஆய்வாளர்களுக்கு. அவற்றில் ஒன்று வரித்தலை வாத்து. குளிர்காலத்தில் நெல்லை கூந்தன்குளத்துக்கு வருமே, அதே பறவை தான்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் கையெழுத்து இல்லை. வரைந்த பாணியை வைத்துத்தான் மன்சூருடையது என்கிறார்கள். அவர் புகழ் பரவிய பிறகு, மற்றவர்கள் வரைந்த நகல்களிலும் அவர் பெயர் எழுதப்பட்டது. அதனால் மன்சூர் பெயர் இருப்பதெல்லாம் மன்சூர் வரைந்தது என்றும் சொல்ல முடியாது.

வரைந்தவை இன்று எப்படி இருக்கின்றன?

1627-ல் ஜஹாங்கீர் மறைந்தார். அடுத்து வந்த ஷாஜகானின் ஆர்வம் கட்டடங்கள் பக்கம் போனது. விலங்குகளைப் பார்த்துப் பார்த்து வரைய வைத்த அந்தக் காலம் அதோடு முடிந்தது.

டோடோ இன்று இல்லை. சைபீரிய கொக்குகள் ஒரு காலத்தில் குளிர்காலத்தைக் கழிக்க ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்தன. 2002-க்குப் பிறகு அங்கே அவை வரவில்லை. எஞ்சியிருக்கும் சில ஆயிரம் பறவைகளில் பெரும்பாலானவை இப்போது குளிர்காலத்துக்குப் போவது சீனாவின் போயாங் ஏரிக்கு. வங்காள வரகுக்கோழி, அசாம், உத்தரப் பிரதேச தராய் போன்ற புல்வெளிகளிலும் நேபாளம், கம்போடியாவிலும் மட்டும் மிச்சமிருக்கிறது. முதிர்ந்த பறவைகள் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் குறைவு. கொக்கு, வரகுக்கோழி இரண்டுமே மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன.

சைபீரிய கொக்கை இந்தியாவில் பார்க்க வேண்டும் என்றால், பரத்பூர் நீர்நிலையில் இப்போது அது கிடையாது. கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மன்சூரின் தாளில், நகத்தில் ஒட்டிய அந்தச் சிறு இறகோடு.