பொதிகை உச்சியில் காந்த ஊசி

அகத்தியரை வணங்கப் பொதிகை மலை ஏறுவோர் உண்டு. காந்த ஊசியோடு ஏறியவர் ஜான் ஆலன் பிரௌன் (1817–1879). ஸ்காட்லாந்துக்காரரான இவர், உத்திரம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1852-ல் திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரானார்.

காந்த ஊசி தினந்தோறும் சிறிது அசைகிறது. உயரம் கூடினால் அந்த அசைவு மாறுமா? இதையறிய, 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில், காட்டு வழியே கருவிகளைக் கொண்டுசென்று 1855-ல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். மலையிலும் நகரிலும் ஊசியின் போக்கைக் குறித்து ஒப்பிட்டார்.

பூமியின் காந்த வலிமை உலகெங்கும் ஒரே சமயத்தில் ஏறி இறங்குவதைக் கண்டறிந்தவர் இவரே. நகரின் அருங்காட்சியகம் 1857-ல் திறக்கப்பட்டதும் இவர் முயற்சியால்தான்.

1865-ல் ஐரோப்பா திரும்பினார். மலைக் கூடம் அழிந்தது; குறித்த கணக்குகளோ 1874-ல் நூலாக வெளிவந்து நிலைத்தன.