தென்னாப்பிரிக்கா இல்லாமல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கோப்பை: யார் இந்த யித்னெகாச்சு டெசமா?

ஒரு கண்டம் முழுவதற்குமான கால்பந்துத் தொடர். ஆனால், ஆட வேண்டியவை மொத்தமே 4 நாடுகள். அதில் ஒன்று போனால் மிச்சம் 3. தொடரே படுத்துவிடாதா? 1957-ல் சூடான் தலைநகர் கார்ட்டூமில் அந்த ரிஸ்க்கைத் தெரிந்தேதான் எடுத்தார்கள்.

வெள்ளையர் மட்டும் கொண்ட அணி, இல்லையென்றால் கறுப்பினத்தவர் மட்டும் கொண்ட அணி. இரண்டில் ஒன்றைத்தான் அனுப்புவோம், கலந்து அனுப்ப மாட்டோம் என்றது தென்னாப்பிரிக்கா. எகிப்து, சூடான், எத்தியோப்பியா மூன்றும் இதை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா இல்லாமலே முதல் ஆப்பிரிக்கக் கோப்பை நடந்தது. எதிராளி இல்லாததால் எத்தியோப்பியா நேராக ஃபைனலுக்குப் போனது. அங்கே எகிப்திடம் 4-0 என்று உதை வாங்கியது. அந்த 4 கோலையும் போட்டது ஒரே ஆள், அத் திபா.

அப்போது விட்டுக்கொடுக்காமல் நின்ற எத்தியோப்பியர்தான் யித்னெகாச்சு டெசமா. எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. இரண்டாவதாக வருவது அப்பா பெயர். அந்த அப்பா டெசமா எஷெட்டே, நாடறிந்த கவிஞர், பாடகர்.

1921-ல் ஜிம்மாவில் பிறந்த யித்னெகாச்சுவின் பதின்பருவம் இத்தாலிய ஆக்கிரமிப்பில் (1936-41) கழிந்தது. வெள்ளையருக்கு ஒரு இடம், உள்ளூர்க்காரருக்கு வேறு இடம். கால்பந்து மைதானத்திலும் அதே கதைதான். நிறத்தைப் பார்த்து அணி பிரிப்பது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

அடிஸ் அபாபாவின் செயின்ட் ஜார்ஜ் கிளப்புக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடினார். பிறகு பயிற்சியாளர், கூடவே நிர்வாகி. 1962-ல் சொந்த ஊரில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் எத்தியோப்பிய அணியின் பயிற்சியாளர் அவர்தான். ஃபைனலில் மீண்டும் எகிப்து (அப்போது பெயர் ஐக்கிய அரபுக் குடியரசு). இருமுறை பின்தங்கி, இருமுறையும் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 4-2 என வென்றது எத்தியோப்பியா. கோப்பையைப் பேரரசர் ஹைலே செலாசியிடம் வாங்கிய கேப்டன் லூசியானோ வசாலோவின் அப்பா இத்தாலியர், அம்மா எரித்ரியர். எத்தியோப்பியா இன்றுவரை வென்ற ஒரே ஆப்பிரிக்கக் கோப்பை அதுதான்.

அடுத்த சண்டை ஃபிஃபாவோடு. 1966 உலகக் கோப்பையில் 16 இடங்கள். ஐரோப்பாவுக்கு 10. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து... ஒன்றே ஒன்று! கானாவின் ஒஹேனே ஜானும் யித்னெகாச்சுவும் எதிர்ப்பைத் திரட்ட, ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகின. ஃபிஃபா அபராதம் போட்டது, யாரும் அசையவில்லை. அந்த ஒற்றை இடத்தில் போன வட கொரியா இத்தாலியைத் தோற்கடித்தது தனிக்கதை. 1970-ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஓர் இடம் உறுதியானது. மொராக்கோ போய் ஆடியது.

தென்னாப்பிரிக்கா விவகாரம் இன்னும் இழுத்தது. 1961-ல் ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. 1963-ல் அப்போதைய தலைவர் ஸ்டான்லி ரவுஸின் முயற்சியில் அது நீக்கப்பட்டது. அடுத்த வருஷமே ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் ஓட்டுகளால் திரும்ப வந்தது. 1972-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார் யித்னெகாச்சு. ஒரு நாடு, ஒரு ஓட்டு என்ற ஃபிஃபா விதியின் பலம் அவருக்கு நன்றாகவே தெரியும். 1974 தேர்தலில் ரவுஸ் தோற்று பிரேசிலின் ஹவலாஞ் ஜெயித்ததில் ஆப்பிரிக்க ஓட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1976-ல் சொவெட்டோவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அடுத்த மாதம், தென்னாப்பிரிக்கா ஃபிஃபாவிலிருந்தே நீக்கப்பட்டது.

அவர் காலத்து முடிவுகள் எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டு கிளப்களில் ஆடுபவர்கள் அணிக்கு 2 பேர்தான் என்ற விதி 1965 முதல் 1982 வரை ஆப்பிரிக்கக் கோப்பையில் இருந்தது. உள்ளூர்க் கால்பந்தைக் காப்பாற்றும் நோக்கம் புரிகிறது. ஆனால், ஐரோப்பாவில் கலக்கிய பல ஆப்பிரிக்கர்களைச் சொந்தக் கண்டத்து ரசிகர்கள் இந்தக் கோப்பையில் பார்க்க முடியாமலே போனது.

பேரரசர் ஆட்சி 1974-ல் கவிழ்ந்து ராணுவ ஆட்சி வந்த பிறகும் அவர் பதவி நீடித்தது. தலைவராக இருக்கும்போதே, 1987 ஆகஸ்டில் புற்றுநோயால் இறந்தார். தென்னாப்பிரிக்கா 1992-ல் ஃபிஃபாவுக்குத் திரும்பியது. 1996-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த ஃபைனலில் துனிசியாவை 2-0 என வீழ்த்தி முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. மண்டேலா மைதானத்தில் இருந்தார். கோப்பையைத் தூக்கிய கேப்டன் நீல் டோவி வெள்ளையர். அவரைச் சுற்றி நின்று கொண்டாடிய அணியில் எல்லா நிறத்தவரும் இருந்தார்கள்.