செவி இழந்தும் சிந்தை தளராதவர்: கியோம் அமொந்தோன்

அடைபட்ட வளிக்கு வெப்பமூட்டினால் அதன் அமுக்கம் உயரும் என்பதை இன்று நம் மாணவர் ஆய்வுகூடத்திலே எளிதிற் கண்டறிகின்றனர். அவ்வுயர்வை அளந்து அதில் ஓர் ஒழுங்கு கண்ட முன்னோடி, பிரான்சு நாட்டுக் கியோம் அமொந்தோன் ஆவார். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

1663 ஆம் ஆண்டிற் பாரிசு மாநகரில் வழக்கறிஞர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். பள்ளியிற் பயிலும் பருவத்திலேயே நோயொன்று அவருடைய செவிப்புலனைக் கவர்ந்தது. ஆசிரியர் மொழி கேளாத அச்சிறுவரின் மனம் பொறிகளின்பாற் சென்றது. ஓயாது இயங்கும் பொறியொன்றை ஆக்க முயன்றார், அது கைகூடவில்லை. எனினும் அம்முயற்சியே அவரை எந்திரவியலைக் கற்கத் தூண்டிற்று. செவிக்கு மருத்துவம் செய்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை என்பர். அமைதி தம் ஆராய்ச்சிக்குத் துணையெனக் கருதினார் போலும். பல்கலைக்கழகக் கல்வி அவருக்கு வாய்த்திலது.

1695 இல் பாரமானி, வெப்பமானி, ஈரமானி ஆகியன பற்றி நூலொன்று வெளியிட்டார். 1699 இல் உராய்வின் விதிகளை விஞ்ஞானக் கழகத்தார் முன் எடுத்துரைத்தார். உராய்வு பாரத்தைப் பொறுத்ததேயன்றித் தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்பதே அவற்றின் சாரம்.

1702 இல் அவர் விளக்கிய வளிவெப்பமானியே நம் பொருளுக்கு உரியது. வளைந்த குழாயின் ஒரு முனையில் வளி நிறைந்த கண்ணாடிக் குமிழ், குழாயினுள் இரசம். வளி வெப்பமுற்று விரிய முனையும்போது இரசம் உயர்ந்து அதனைத் தடுத்துநிற்கும். கனவளவு பெரிதும் மாறாமையால், இரசநிரலின் உயரமே அமுக்கத்தின் அளவாயிற்று. குளிர்நீரின் நிலையிலிருந்து கொதிநீரின் நிலை எய்துகையில் அமுக்கம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிகுவதைக் கண்டார். அடைத்த வளி சிறிதாயினும் பெரிதாயினும் அப்பங்கு வேறுபடவில்லை.

வெப்பம் குறைய அமுக்கமும் குறையுமாயின், அமுக்கம் முற்றாக அற்றொழியும் எல்லையொன்று இருத்தல் வேண்டுமன்றோ? அவருடைய அளவுகளைக் கொண்டு கணித்தால் அவ்வெல்லை ஏறக்குறைய −240 பாகை செல்சியசில் அமையும். இன்று நாம் அறிந்த தனிப்பூச்சியம் −273.15 பாகை. எளிய குழாயும் இரசமும் கொண்டு அவர் எவ்வளவு அண்மையில் வந்துவிட்டார்!

அதனை மேலும் ஆராயக் காலம் இடந்தரவில்லை. 1705 ஒற்றோபர் 11 இல், தம் 42 ஆம் வயதில் அவர் மறைந்தார். ஒரு நூற்றாண்டின் பின், 1802 இல் கேலுசாக்கு வாயுக்களின் விரிவை ஆராய்ந்து வெளியிட்டார். 1848 இல் வில்லியம் தொம்சன் தனிவெப்பநிலை அளவுத்திட்டத்தை வகுத்தார். அமுக்க விதியும் பல பாடநூல்களிற் கேலுசாக்கின் பெயராலேயே வழங்குகின்றது.

பரீட்சையில் அப்பெயரை எழுதும் நம் மாணவர், கேளாச் செவியோடு இரசநிரலை நோக்கியிருந்த அமொந்தோனையும் ஒருகணம் நினைப்பாராக. குறையென உலகம் கருதியதை அவர் தம் கருமத்துக்குத் துணையாக்கினார். கற்க விழைவார்க்கு அவர் வாழ்வே ஒரு பாடமாகும்.